மணலில் இழுத்த வீடு

வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் யோசனை வெள்ளைக்காரர்களுக்குத்தான் முதலில் தோன்றியது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் 1885-ஆம் வருஷம் 'வாண்டரர்' என்னும் வீட்டு வண்டியில் இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரையில் உல்லாசமாகப் போய்வந்தார். உல்லாசத்துக்காகப் போனவர்களில் அவர் முன்னோடி என்பது வாஸ்தவமே. வயிற்றுப் பாட்டுக்காகப் போனவர்களைக் கணக்கெடுத்தால், நம்முடைய திண்டிவனத்துச் சீமை அவரை எத்தனையோ நூற்றாண்டு முந்திக்கொண்டு நிற்கும்.

சிறுபாணாற்றுப்படை என்ற சங்க நூல் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பற்றியது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர். அந்த நூலிலே உப்பு விற்கும் உமணர்கள் வண்டி வண்டியாக வரிசை கட்டி வருகிறார்கள். பெண்டு பிள்ளைகள் கூட வருகிறார்கள். போதாக்குறைக்கு ஒரு பெண் குரங்கும் வருகிறது. குழந்தைகளுக்குச் சமமாக உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது! குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும். இந்த உமணர்கள் வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சையும் கட்டிக்கொண்டு போவார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்லுகிறார். 'ஸ்டெப்னி' என்று நாம் சொல்லும் சமாசாரம் அன்றே நமக்குத் தெரிந்திருந்தது. மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரங்கின் ஞாபகம்தான் வரும்.

இந்தக் காலத்தில் கேரவன் என்று சொன்னால், சினிமா நட்சத்திரங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் வண்டி என்றுதான் நம் ஜனங்களுக்குப் படுகிறது. என் சிநேகிதர் ஒருவர் வேறு மாதிரி. விழுப்புரத்துக்காரர். ஒரு பட்டறையில் சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும்படியாக ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டார். இரண்டு படுக்கை, அடுப்பு, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு குளிர்சாதனப் பெட்டி. காட்டிலும் மேட்டிலும் போகும் என்று தடித்த டயர் வேறு.

இத்தனையும் அவருடைய தாயாருக்காக. அந்த அம்மாளுக்கு எண்பது வயசுக்கு மேல். முழங்கால் பிடிப்பு. சிறு பெண்ணாக இருந்தபோது மாசி மகத்துக்கு மயிலம் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகையில், பின்னாலேயே கூண்டு வண்டியில் இரவு முழுவதும் போன சுகத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். கட்டுச்சோறு, வண்டிக்கு அடியில் ஆடும் லாந்தர், வைக்கோல் மெத்தை. சாவதற்கு முன் இன்னொரு தரம் மகத்தன்று சமுத்திரத்தில் முழுக வேண்டும் என்பது அவள் ஆசை. வைத்திக்குப்பத்தில் இப்போது சேரும் ஜனக்கூட்டத்தில் அவளை நிறுத்த முடியாது. ஆகவே மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக் கரையில், அலை தொடும் இடம் வரை வீட்டையே இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடுவது என்று மகன் தீர்மானித்தார். நானும் கூடப் போனேன்.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் முழப்பிலங்காடு என்று ஒரு கடற்கரை இருக்கிறது. சுமார் 4 கிலோமீட்டர் நீளம். காரை ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கே மணல் இறுகிக் கிடக்கிறது. நம் சோழமண்டலக் கரை அப்படிப்பட்டதல்ல. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரமே ஒரு மீட்டருக்கு உட்பட்டது. அதனால் ஈரமாகக் கெட்டிப்பட்ட மணல் ஒரு குறுகிய பட்டைதான். மணலுக்கும் மணலுக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அது ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. காய்ந்துவிட்டால் பிடி விட்டுப் போகிறது. சாலைக்கும் அந்த ஈரப் பட்டைக்கும் இடையில் உள்ளதெல்லாம் பிடி விட்ட மணல்.

ஜீப் மட்டும் என்றால் எப்படியாவது தாண்டியிருக்கும். ஜீப்பின் சக்கரங்கள் தாமே சுற்றித் தள்ளுகின்றன. பின்னால் வரும் வீட்டின் சக்கரங்களோ சும்மா உருளுகிறவை. ஒவ்வொரு சக்கரமும் தனக்கு முன்னால் ஒரு மணல் மேட்டைத் தானே குவித்துக்கொண்டு, அதன் மேல் ஏறப் பார்க்கிறது. ஏறி முடிவதே இல்லை. போதாததற்கு, அந்த வீட்டின் இரண்டு சக்கரங்களும் ஜீப்பின் தடத்தில் விழாமல் சற்று உள்ளடங்கிப் புது மணலை உழுதுகொண்டு வந்தன. அலைக்கு ஐம்பது கஜம் இருக்கும்போது எல்லாம் நின்றுவிட்டது. சிநேகிதர் ஆத்திரத்தோடு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாயிற்று.

படகுகளின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர் எழுந்து வந்தார்.

"மிதிக்காதே சார், வூடு பூந்துடும். மொதல்ல காத்தை எறக்கு."

லிபியப் பாலைவனத்தில் மோட்டார் ஓட்டிப் பழகிய பாக்னால்டு என்ற ஆங்கில ராணுவ எஞ்சினீயர் சொன்னதும் இதுவேதான். டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகப் பரந்து, பாரத்தை அகலமான இடத்தில் தாங்குகிறது. சக்கரத்தடியில் போட எஃகுத் தகடுகளையும் அவர் கொண்டுபோனார். மணலைப் பற்றி 1941-இல் ஒரு பெரிய சாஸ்திர நூலும் எழுதினார். நம் கிழவர் நூல் எழுதவில்லை. 35 பவுண்டு காற்றைப் பாதியாக்கச் செய்து, பையன்களைத் தென்னை மட்டை கொண்டுவரச் சொன்னார். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தொட்டித் தண்ணிய ஊத்திடு சார்."

சிநேகிதர் தயங்கினார். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. ஆனால் தாயார் கடலில் முழுகி வந்தால் உப்புப் போகக் குளிப்பதற்கென்று, ஊரிலிருந்து நிரப்பி வந்த நல்ல தண்ணீர் அது.

அதுவரை வாய் திறவாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னாள்: "சமுத்திரத்துக்கு வந்தவளுக்குத் தொட்டித் தண்ணீர் எதுக்கடா? ஊத்திவிடு. அந்தக் காலத்திலே மணல் வந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு எல்லாரும் இறங்கிவிடுவோம். வண்டி பனைமரத்தடியிலேயே நிற்கும். கடலுக்கு நாங்கள்தான் போவோம், வண்டி வராது."

"ஆயா சொல்றதுதான் சரி" என்றார் கிழவர்.

குப்பத்தில் ஒரு டிராக்டர் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து, இயந்திரம் வைத்த ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. அவற்றைத் தோள் கொடுத்து இழுப்பது கஷ்டம். பல குப்பங்களில் டிராக்டர்தான் இழுக்கிறது. "படகு இழுத்திருக்கேன் சார், வூடு இழுத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே அதன் டிரைவர் வந்தார். ஜீப்பைக் கழற்றிவிட்டு, வீட்டின் பின்புறச் சட்டத்தில் படகுக் கயிற்றைக் கட்டினார்கள். வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுக்க வேண்டும். அந்த மணல்தான் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது. சடக்கென்று சுண்டக் கூடாது, நிதானமாக எடுத்து, எடுத்த பின் நிறுத்தக் கூடாது. கால் மணியில் வீடு சாலையோரம் போய்ச் சேர்ந்தது.

இதற்குள் நான்கு பையன்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாளை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு அலைக்குள்ளேயே போய்விட்டார்கள். சுவாமி புறப்பாடு மாதிரிதான் இருந்தது. மூன்று முழுக்குப் போட்டாள். பணம் கொடுக்கப் போன மகனிடம், "டீசலுக்கு மட்டும் குடு சார்" என்று டிரைவர் கணக்காக வாங்கிக்கொண்டார்.

கிழவர் ஒரு மண்வெட்டியைச் சிநேகிதரிடம் நீட்டினார். தை, மாசியில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். குஞ்சு பொரித்துக் கடலைப் பார்த்துப் போகும்போது இந்த மாதிரி சக்கரத் தடத்தில் விழுந்தால் ஏறி வர மாட்டாமல் காக்கைக்கும் நாய்க்கும் இரையாகிவிடும். தடத்தை மூடாமல் போகக் கூடாது என்றார்.

சிநேகிதர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையிலிருந்து ஆரம்பித்தார். ஈரப் புடவையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த தாயார், "அந்தப் பக்கம் ஒரு பள்ளம் விட்டுப் போச்சு பார்" என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.