சோழபுரத்து வீதியில்

அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்திற்கு அண்மையில், கங்கைகொண்ட சோழபுரம் என்னும் சிற்றூர் உளது. முதலாம் இராசேந்திரன் தன் கங்கை வெற்றிக்குப்பின் அமைத்து, சோழர் ஏறக்குறைய 250 ஆண்டுகள் வீற்றிருந்து ஆண்ட தலைநகரம் அது. இன்று அங்குச் செல்வார் காண்பது 180 அடி அளவு உயர்ந்த விமானத்தையுடைய கோயிலே. 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அதனை யாவரும் நிழற்படம் எடுக்கின்றனர். கடந்த கோடை விடுமுறையில் தோழர் இருவருடன் அங்குச் சென்ற யாமோ, வீதியையே மிகுதியும் படமெடுத்தோம். அதன் காரணத்தை ஈண்டுக் கூறுவாம்.

கல்லாலாகிய கோயில் நின்றது. மண்ணாலும் மரத்தாலும் செங்கல்லாலும் ஆகிய நகரம் நின்றிலது. மாளிகைமேட்டை அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கல் அடித்தளமும் கூரையோடுகளும் கிடைத்தன. கோயில் மதிற்கற்களுங்கூட, 1836-இல் கொள்ளிடத்தில் அணை கட்டுதற்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் எனச் சூழவுள்ள ஊர்ப்பெயர்கள் பழைய நகரை நினைப்பூட்டுகின்றன. ஆயினும், அந்நகர வீதியிற் பூ விற்றவளும் பானை சுமந்தவனும் எம்முகத்தினர் என்பதை எக்கல்வெட்டும் கூறவில்லை.

நிழற்படக் கலையும் தொடக்கத்தில் வழிப்போக்கரைக் கண்டிலது. 1838-இல் தகேர் என்பார் பாரிசு நகரப் பெருவீதியொன்றைப் படமெடுத்தார். நெடுநேரம் ஒளிபட்டாலன்றி அக்காலத் தகட்டில் உருப் பதியாது. ஆதலின், இயங்கிய மக்களும் வண்டிகளும் மறைந்து வீதி வெறுமையாயிற்று. காலணி துடைப்பித்துக்கொள்ள அசையாது நின்ற ஒருவரும், அதனைத் துடைத்தவருமே அதில் தென்படுகின்றனர். இன்றைய கைப்பேசியோ பறக்கும் காகத்தையும் பிடித்துவிடும். இனி முகங்கள் மறைந்துபோமாயின் அது கருவியின் குறையன்று.

சாலையோரத்தில் ஒரு மூதாட்டியார் முந்திரிக்கொட்டைகளை உலர்த்திக் கொண்டிருந்தார். “பாட்டி, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?” என்றோம்.

“எடு தம்பி. ஆனால் இந்தக் கோலத்திலா?” என்று அவர் எழுந்து, கைகளை உதறி, முந்தானையைத் திருத்தி, சுவரோரம் விறைப்பாக நின்றார். யாம் வேண்டியது கொட்டைகளைக் கிளறும் கைகளை. அதனைக் கூறியபோது அவர், “வீட்டுக்காரர் போனபோது மாட்டி வைக்க ஒரு படம் இல்லை. ரேஷன் அட்டையில் இருந்த சின்ன முகத்தைத்தான் பெரிதாக்கினோம். எனக்காவது ஒன்று நன்றாக இருக்கட்டும்” என்றார்.

படம் எடுப்பவர்க்கு உரியதோ, எடுக்கப்படுபவர்க்கு உரியதோ என்னும் வினா அப்பொழுது எம்முன் எழுந்தது. யாம் அவர்தம் உழைப்பைப் பின்னோர்க்குக் காட்ட விழைந்தோம். அவரோ தம் மக்கள் தம்மை நினைக்கும் முகத்தைத் தாமே தேர்ந்துகொள்ள விழைந்தார். அவ்வுரிமை எம் விழைவினும் பெரிது. அவர் நின்றவாறே முதற்படம் எடுத்தோம். பின்னர் அவர் இசைவுபெற்று, உழைக்கும் கைகளையும் எடுத்தோம். மாலையில் ஜெயங்கொண்டத்தில் அச்சிட்டு வந்து கொடுத்தபோது, நெடுநேரம் நோக்கி, “கண் நன்றாக விழுந்திருக்கிறது” என்று மகிழ்ந்தார்.

தோழர்காள்! விடுமுறையில் நீவிர் செல்லும் ஊர்களில் கோயிலோடு கடைத்தெருவையும் படமெடுமின். முன்னர் இசைவு கேண்மின். ஊரும் நாளும் குறித்து வைம்மின். படத்தின் படியொன்றை உரியவர் கையிற் சேர்ப்பிமின். அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. ஏனையோர்க்கு நாம் செய்யக்கூடியது இதுவே.