பதின்மூன்றுக்குப் பத்து

"சார், கோட்ட மிதிச்சுட்டீக!"

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊர். பங்குனி மாதம், பகல் மூன்று மணி. அன்றிரவு அங்கே மின்னொளி கபடிப் போட்டி. ஆடுகிறவர்களைப் பற்றி எழுத ஆளிருக்கிறது, ஆடுகளம் போடுகிறவர்களைப் பார்ப்போமே என்று போயிருந்தேன். போன ஐந்தாவது நிமிடம், அப்போதுதான் பொடி தூவிய கோட்டில் செருப்புக் காலை வைத்துவிட்டேன்.

அதட்டியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மற்ற நாட்களில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கபடி நடந்தாலும் களம் போட அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கூட மூன்று பேர்: அவருடைய மருமகன், அருப்புக்கோட்டைக்கு விசைத்தறி வேலைக்குப் போய்வரும் ஓர் இளைஞன், ஒரு கொத்தனார். நால்வரில் யாரும் இப்போது ஆடுவதில்லை. பெரியவர் ஒரு காலத்தில் ஆடியவர். குத்தவைத்து எழும்போது அவருடைய இடது முட்டி அதைச் சொல்கிறது.

கரிசல் மண் கபடிக்கு ஆகாது. காய்ந்தால் கல், நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் களி. வெடித்த கரிசலின் விளிம்பு முழங்காலைச் சீவிவிடும். அதனால் ஒரு சாண் ஆழத்துக்கு மம்பட்டியால் வெட்டிக் கட்டிகளை உடைத்து, சலித்த செவக்காட்டு மண்ணைப் பரப்புகிறார்கள். அதன்மேல் அறுவை மில் மரத்தூள். பூவாளியால் தண்ணீர் தெளித்து, பரம்புப் பலகையை இழுத்து மட்டம் பார்க்கிறார்கள். ஈரம் கூடினால் வழுக்கும். குறைந்தால் புழுதி கிளம்பி, பாடிப் போகிறவன் தொண்டையை அடைக்கும். பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் சுண்டினால் உதிர வேண்டும். கரிமூட்டத்தின் மேல் மண் பூசிப் பழகிய கை. இரண்டு தடவை உதட்டைப் பிதுக்கிவிட்டு மூன்றாம் தடவைதான் சரி என்றார்.

ஆண்கள் களத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10. மூலைமட்டம் கொத்தனார் பொறுப்பு. கயிற்றில் மூன்று, நாலு, அஞ்சு அளவில் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுக்கிறார். மூலை தானாக நேராகிவிடுகிறது. பிறகு மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து அளக்கிறார். இரண்டு குறுக்கும் 16 மீட்டர் 40 சென்டிமீட்டர் வந்தபின்தான் பொடி டப்பாவுக்கு உத்தரவு. சுண்ணாம்பு கிடையாது, குப்புற விழுகிறவன் கண்ணில் பட்டால் கண் போய்விடும். வாசலில் கோலம் போடும் வெள்ளைக்கல் பொடிதான்.

என்னோடு அக்கா மகன் வந்திருந்தான். சென்னையில் கல்லூரியில் ரக்பி ஆடுகிறவன். 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பை வாங்கியதிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பெரியவர் கோடு போட்டபடியே அவனை விசாரித்தார்.

"உங்க ஆட்டத்துல எத்தன பேரு?"

"நாங்க ஆடுறது செவன்ஸ், தாத்தா. ஏழு பேர்."

"இங்கயும் ஏழுதான். யாரப் பிடிப்பீக?"

"பந்து யார்கிட்ட இருக்கோ அவனை மட்டும். வேற ஆளைப் பிடிச்சா தப்பு. பிடிபட்டு விழுந்தா பந்தை விட்டுடணும். கையால முன்பக்கம் எறியக் கூடாது, பின்னாலதான். எதிர் எல்லைக்கு அந்தப் பக்கம் தரையில பந்தை அழுத்தினா அஞ்சு பாயிண்ட்."

பெரியவர் நிமிர்ந்தார். "இங்க பந்தும் அவன்தான், ஆளும் அவன்தான்."

ரக்பிக்காரன் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் அடுத்த கோடு, பாக் லைன். பாடிப் போகிறவன் யாரையும் தொடாமல், இதையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். 'கபடி கபடி' என்ற பாட்டு விடாமல் அம்பயர் காதில் விழ வேண்டும், எல்லாம் 30 விநாடிக்குள். பாக் லைனுக்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. எதிரே ஆறு பேராவது நிற்கும்போது, பின்னங்காலை அந்தரத்தில் வைத்து முன்னங்காலை அதற்கு அப்பால் ஊன்றினால் ஒரு பாயிண்ட். ஆனால் அந்தப் பாயிண்டுக்கு, வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்த ஆள் உள்ளே வர முடியாது. எதிராளி ஒருவர் அவுட்டானால்தான் இங்கே ஒருவருக்கு உயிர் வரும்.

எனக்கு எப்போதும் குழப்பம் லாபிதான். இரண்டு ஓரத்திலும் ஒரு மீட்டர் அகலப் பட்டை. யாரும் யாரையும் தொடாத வரை அதில் கால் பட்டால் அவுட். தொட்டுவிட்டால், அந்த நொடியிலிருந்து அதுவும் களம்தான். பள்ளிக்கூடத்தில் இது தெரியாமல், பாய்ந்து வந்தவனுக்குப் பயந்து லாபிக்குள் ஒதுங்கியே நான் பலமுறை அவுட்டாகியிருக்கிறேன். விசைத்தறி இளைஞன் பட்டையைச் சுட்டிக்காட்டி அரை நிமிடத்தில் விளங்க வைத்தான். எங்கள் காலத்தில் பாதி நேரம் அந்தக் கோட்டையே போடவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பொழுது சாய வேன்களில் அணிகள் வந்தன. 60 கிலோ எடைப்பிரிவு. அம்பயர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். தராசில் ஏற்றினார், நகம் பார்த்தார், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று முழங்கையைத் தேய்த்துப் பார்த்தார். 60.4 காட்டிய ஒரு பையன் கண்மாய்க்கரை வரை ஓடிவிட்டு வந்து மறுபடி ஏறினான். மைக்செட்காரர் இடைவிடாமல் பேசினார். 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்ந்தது, 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் நம் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் இருந்தது, அவர் வாழ்க்கையை வைத்து 'பைசன்' படம் வந்தது எல்லாம் அதில் வந்தன. நடுநடுவே சமோசாக் கடை விளம்பரம்.

அரையிறுதியில் ஒரு ரைடு. எதிர்ப்பக்கம் மூன்றே பேர் மிச்சம். பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். போனவன் இடது கார்னரைத் தொடக் குனிந்தபோது கணுக்காலில் ஆங்கிள் பிடி விழுந்தது. கவரில் நின்றவன் தொடையைக் கட்டினான், மூன்றாமவன் முதுகில் ஏறினான். வாயைப் பொத்தினாலோ காலால் கத்தரி போட்டாலோ தவறு. அவர்கள் இரண்டும் செய்யவில்லை. நால்வரும் ஒரே மூட்டையாக நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தார்கள். பாட்டு முனகலாகி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கை நீண்டது. விசில்.

இரண்டு பக்கமும் கூச்சல். அம்பயர் யாரையும் கேட்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். கோட்டுப் பொடியை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கத்து ஈர மண்ணில் நாலு விரல் தடம். மூன்று பேர் அவுட், களம் காலியானதால் லோனாவுக்கு இரண்டு, ஆக ஐந்து பாயிண்ட். மண் இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்தால் அந்தத் தடம் நின்றிருக்காது. பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டப்பாவில் பொடி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலை எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். 2014-ல் புரோ கபடி தொடங்கியதிலிருந்து எல்லாரும் மேட் பக்கம் போகிறார்கள். மேட்டில் ஷூ போட்டு ஆட வேண்டும், மண்ணில் வளர்ந்த கால் முதலில் தடுமாறும். தொழில் போகிறதே என்று வருத்தப்படுவார் என எதிர்பார்த்தேன்.

"வரட்டுமே தம்பி, பயகளுக்கு முட்டி தப்பும்ல" என்றார். தன் முட்டியைத் தடவியபடி அவர் இதைச் சொன்னதால் என் கேள்வியை நான் அதற்குமேல் நீட்டவில்லை. அவர் சொன்னது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இடைவேளை ஐந்து நிமிடம். டியூப்லைட் வெளிச்சத்தில் நால்வரும் கயிற்றோடு உள்ளே போய், அழிந்த நடுக்கோட்டை மறுபடி போட்டார்கள். யாரும் கைதட்டவில்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் மின்னொளி கபடி என்று சுவரொட்டி பார்த்தால், இரவு எட்டு மணிக்குப் போகாதீர்கள். பகல் மூன்று மணிக்கே போய் ஓரமாக நின்று பாருங்கள். கோட்டை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.