கடற்பாறையும் காலணியும்

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்க அன்பர், "நீங்கள் நால்வரும் ஞாயிறுதோறும் பாந்திராவில் தூண்டில் போடுகிறவர்களாயிற்றே, மீனைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். மீனைப் பற்றி எழுத எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் இதுகாறும் பிடித்த மீன்களை எல்லாம் ஒரே கூடையில் இட்டாலும் அதைத் தூக்கிவிட ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் பாறைக்கு அணிந்து சென்று பாழாக்கிய செருப்புகளையும் பூட்ஸுகளையும் சேர்த்து வைத்திருந்தால் மாதுங்காவில் ஒரு கடையே திறந்திருக்கலாம். ஆகவே காலணியைப் பற்றி எழுதுகிறோம். இஃது இலக்கிய மலருக்கு ஏற்ற பொருளா என்று சிலர் முகம் சுளிக்கலாம். படித்து முடித்தபின் சுளிக்கட்டும்.

நாங்கள் நால்வரும் குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவர்கள். முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் என ஊர்ப்பெயர்கள் வேறுபடினும் உப்புக் காற்று ஒன்றே. 1970களில் ஒருவர் பின் ஒருவராகப் பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்து சேர்ந்தோம். ஒருவர் ரயில்வேயில், ஒருவர் வங்கியில், ஒருவர் கப்பலில், மூத்தவர் துறைமுகத்தில் பணிபுரிந்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டோம். கடியப்பட்டணத்துக்காரரான அம்மூத்தவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவருடைய பெயரை நாங்கள் உச்சரித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

எங்கள் ஊர்களில் கடலுக்குச் செருப்புப் போட்டுச் செல்லும் வழக்கம் இருந்ததில்லை. கட்டுமரத்தில் செருப்புக் காலை வைத்தால் முதுகில் அடி விழும். பாறையில் நின்று தூண்டில் எறிந்த சிறுவர்களாகிய எங்களுக்கு உள்ளங்காலே கண். எந்தக் கல் ஈரம், எது வழுக்கும், எங்கே விரலைக் கவ்வ வைக்கலாம் என்பதைக் கால் தானே கண்டுகொள்ளும். மனத்துக்குச் செய்தி வந்து சேருமுன் கால் இடம் மாறியிருக்கும். அந்த அறிவை மூட்டை கட்டி எடுத்து வந்ததாகத்தான் நாங்கள் எண்ணியிருந்தோம்.

பம்பாய்ப் பாறை எங்கள் எண்ணத்தைத் திருத்தியது. குமரிக் கரையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் உயர வேறுபாடு. இங்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நான்கு மீட்டருக்கும் மேல். மராத்தியர் பர்த்தி என்றும் ஓஹோட்டி என்றும் கூறும் இவ்வேற்றவற்றம் நாள்தோறும் இருமுறை நிகழ்வது; ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்துவது. கடல் இறங்கும்போது பாந்திராவில் வெளிப்படும் எரிமலைப் பாறை ஒரே பாறையன்று, மூன்று பாறை. மேலே வெயிலில் காய்ந்த கருங்கல். அதன் கீழே கொட்டலசும் பாறைச் சிப்பியும் அடர்ந்து ஒட்டிய பட்டை. ஒவ்வொரு சிப்பியின் விளிம்பும் சவரக்கத்தி. அதற்கும் கீழே பச்சைப் பாசி படர்ந்த பகுதி. எண்ணெய் தடவிய பளிங்குத் தரை என்றால் மிகையாகாது. நல்ல மீன் வரும் இடமோ அந்தப் பச்சைக்கு அப்பால்தான் இருக்கிறது! மூன்று நிலத்துக்கும் ஒரே காலணி தேடிய கதைதான் எங்கள் கதை.

ஹவாய் செருப்பில் தொடங்கினோம். அதன் குற்றம் பாறையின்மேல் வழுக்குவது மட்டுமன்று. நனைந்தபின் காலுக்கும் செருப்புக்கும் இடையே நீர் புகுந்து, செருப்பு பாறையில் உறுதியாக நிற்க, கால் செருப்பின்மேல் வழுக்கும். சிப்பி பொறுக்க வரும் கோளிப் பெண்கள் பழைய ரப்பர் ஷூவைக் கயிறு கொண்டு கணுக்காலோடு இறுகக் கட்டியிருப்பதைப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. படித்தவர்கள் அல்லவா?

பிறகு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். 1988இல் எங்களுள் வங்கிக்காரர் அதை அணிந்துகொண்டு பச்சைப் பட்டையில் கால் வைத்தார். அடுத்த கணம் இடுப்பளவு நீரில் இருந்தார். பூட்ஸுக்குள் நீர் நிறைந்தால் அது ஆளைக் கீழே இழுக்கும் என்று பலரும் நம்புகின்றனர். நீருக்குள் நீருக்கு எடையில்லை, அது இழுப்பதில்லை. ஆனால் அதனோடு நீந்தவும் இயலாது. கரையேறக் காலைத் தூக்கும்போது உள்ளே இருக்கும் நீரின் எடை முழுவதும் தெரியும். மூன்று அலைகள் அவரைப் பாறையில் மோதிய பின்னரே தோள்பையின் வாரைப் பற்றி எங்களால் இழுக்க முடிந்தது. அவர் பூட்ஸைக் கழற்றிக் கடலிலேயே எறிந்தார். மறுவாரம் அதில் ஒன்று கரை ஒதுங்கியிருந்தது வேறு கதை.

கால்பந்து ஷூவின் குமிழ்கள் பாறையில் பற்றும் என்று ரயில்வேக்காரர் சொன்னார். புல்தரையில் குமிழ் மண்ணுக்குள் இறங்குவதால் பற்றுகிறது. கல்லில் எங்கே இறங்கும்? தரையைத் தொடும் பரப்புக் குறைந்ததுதான் மிச்சம். கான்வாஸ் ஷூ ஒன்றே ஓரளவு உதவியது. காலோடு ஒட்டியிருக்கும், நீர் வடிந்துவிடும், மென்மையான ரப்பர் அடி காய்ந்த கல்லைக் கவ்வும், விலையும் மலிவு. ஆனால் சிப்பி அதை இரண்டு மாதத்தில் கிழித்துவிடும்; பாசியிலோ அதுவும் மற்றவற்றைப் போலத்தான்.

பாசிக்கு மருந்து கப்பல்கார நண்பர் வழியாக வந்தது. ஜப்பானில் பாறைமேல் நின்று தூண்டில் போடுவோர் ஃபெல்ட் என்னும் அமுக்கிய கம்பளிப் பட்டையை அடியில் ஒட்டிய காலணியும், இரும்பு முள் பதித்த காலணியும், இரண்டும் சேர்ந்ததும் அணிவர். ஃபெல்ட்டின் இழைகள் வழவழப்பை ஊடுருவிக் கல்லைத் தொடுகின்றன. ஆதலால் பச்சைப் பாறையில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் சிப்பிப் பட்டையில் நடந்தால் துருவிய தேங்காய்போல் உதிரும். ஈரம் காய நாளாகும். அந்த ஈரத்தில் ஒரு நீர்நிலையின் நுண்ணுயிர் மற்றொன்றுக்குப் பயணம் செய்யும். நன்னீர்ப் பாசி ஒன்று பரவுவதைத் தடுக்க நியூசிலாந்தில் 2008இல் ஆற்று மீன்பிடிப்போருக்கு ஃபெல்ட் அடியைத் தடை செய்தனர். முள் காலணியின் குணம் இதற்கு நேர்மாறு. கொட்டலசிலும் பாசியிலும் டங்ஸ்டன் கார்பைடு முள் குத்தி நிற்கும். மேலேயுள்ள காய்ந்த வழவழப்பான கருங்கல்லிலோ கிரீச்சென்று சறுக்கும்.

தாராவிக்கருகே செருப்புத் தைக்கும் நெல்லைக்காரர் ஒருவர், கான்வாஸ் ஷூவின் அடியில் ஃபெல்ட் ஒட்டி, ஓரங்களில் அறுகோணத் தலைத் திருகாணிகளைப் பதித்துக் கொடுத்தார். கூலி வாங்கும்போது, "கடலுக்கா இது? அப்ப நீங்க விழாம இருக்கணும்னு நானும் வேண்டிக்கணுமா?" என்று கேட்டார். அவருடைய கைவேலை ஆறு ஆண்டு எங்களைக் காத்தது. ஒன்று சொல்ல வேண்டும்: எந்தக் காலணியும் அலையை நிறுத்தாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாறை மீன்பிடிப்போர் குறித்த இடங்களில் மிதவை அங்கி அணிய வேண்டும் என 2016இல் சட்டமே செய்தனர். நாங்கள் அந்த அங்கியை வாங்கியது காலணிக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். வரிசை தவறு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இத்தனையிலும் அண்ணாச்சி வெறுங்காலராகவே இருந்தார். "கடலம்மா முன்னால செருப்பா, மக்கா?" என்பார். எங்களுள் தமிழ் கற்றவர், செருப்பைத் தொடுதோல் என்று சங்க இலக்கியமே கூறுகிறதே என்று வாதாடியதற்கு, "அது நிலத்துல நடந்தவனுக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பச்சைப் பாறையில் அவர் விரல்களைப் பதித்து நடப்பதைக் காண்பதற்கென்றே நின்றுவிடும் மராத்தி இளைஞர்கள் உண்டு. எங்களுக்கோ பெருமை. நாங்கள் காலணிக்குள் ஒளித்துவிட்ட எங்கள் ஊர் அவர் காலில் இன்னும் உயிரோடு இருப்பதாக மகிழ்ந்தோம். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டதையும் நாங்கள் அறிவோம். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க எங்களுக்கு மனமில்லை.

2018 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாறையிலிருந்து ஏறி, மீனைப் பங்கிட்டு, டீ குடித்துப் பிரிந்தோம். வீட்டில் கூடத்துத் தரையில் வாசலிலிருந்து வரிசையாகப் பதிந்திருந்த இரத்தக் கறையை மருமகள்தான் முதலில் கண்டார். யாருக்கு அடிபட்டது என்று அண்ணாச்சியே தேடினாராம். வலக்கால் சுண்டுவிரலுக்குக் கீழே சிப்பி கிழித்த வெட்டு; அதன் ஆழம் அவருக்குத் தெரியவே இல்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகை நுண்கிருமிகள் வாழ்கின்றன. புண்ணில் புகுந்தால், சர்க்கரை நோயாளியை அவை எளிதில் விடா. மூன்றாம் நாள் கால் கறுத்தது. இரண்டு விரல்களை எடுத்து, கணுக்காலோடு காப்பாற்றினார்கள்.

மருத்துவமனையில் நாங்கள் கண்ட ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவர் ஒரு கைப்பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்தார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையுமாறு அமைந்த இழை. அதை உள்ளங்காலில் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்பது சோதனை. அண்ணாச்சி கண்ணை மூடிக் கிடந்தார். பத்து இடத்தில் தொட்டார். இரண்டு இடத்துக்கு மட்டும் 'ஆம்' என்றார். அந்த இழை வேறொன்றுமன்று, எங்கள் ஊரில் தங்கூசி என்று வழங்கும் தூண்டில் நரம்பின் இனமே. தங்கூசியின் நடுக்கத்தை விரல்நுனியில் வாங்கி, அடியில் கவ்வுவது கெளுத்தியா விலாங்கா என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். உள்ளங்கால் என்னும் கண் எப்போது மூடியது என்பதை அவரிடம்கூடச் சொல்லாமல் மூடிவிட்டது. எங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் சில காலமாகக் கூரிய சிப்பிமேலும் நேராக நடந்தார். நாங்கள் அதைத் திறமை என்று நினைத்தோம்.

ஓராண்டு கழிந்து மீண்டும் வருவேன் என்றபோது, வர வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. காலணி தேடும் படலம் மறுபடி தொடங்கியது. இம்முறை நாங்கள் கற்றதெல்லாம் தலைகீழாயிற்று. பாறையைப் பற்ற அடி மெல்லியதாக, காலோடு இறுக்கமாக இருக்க வேண்டும். உணர்விழந்த காலுக்கோ இறுக்கம் நஞ்சு; விரல் பகுதி அகன்று, உட்புறம் தையல் உறுத்தாமல் இருக்க வேண்டும். முள் பதித்த அடி அவருக்கு ஆகவே ஆகாது. முள்ளின் அழுத்தம் மேல்நோக்கியும் வந்து, அவர் அறியாமலே புண்ணாக்கும்.

இதற்கு விடை எங்கள் தமிழ்நாட்டிலேயே முன்னரே காணப்பட்டிருந்தது. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் தொழுநோயால் காலுணர்வு இழந்தோருக்காக டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தோரும் 1950களிலும் அதன் பின்னும் பாடுபட்டனர். புண் வருவது நோயினால் மட்டுமன்று, வலி தெரியாமல் ஒரே இடத்தில் அழுத்தி நடப்பதால் என்று கண்டு, நுண்ணறை ரப்பரை உள்ளடியாக வைத்த செருப்பை வழக்குக்குக் கொண்டுவந்தனர். எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனைகளில் இன்று சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுப்பது அதுவே. நெல்லைக்காரரின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறார். ஓர் எண் பெரிதான தோல் ஷூவுக்குள் அந்த ரப்பரை வெட்டி வைத்து, இழந்த விரல்களின் இடத்தில் மென்பஞ்சு நிரப்பி, தடித்த ரப்பர் அடிமேல் ஃபெல்ட் ஒட்டித் தந்தார். கட்டுவதற்குக் கயிறு இல்லை, ஒட்டுப்பட்டை. ஈரத்தில் நெடுநேரம் ஊறக்கூடாது என்பதால் அண்ணாச்சி மேலேயுள்ள காய்ந்த திட்டில்தான் நிற்பார். பச்சைக்கு நாங்கள் மட்டும் இறங்குவோம். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும், கழற்றியபின் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்பவை மருத்துவர் இட்ட விதிகள். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு நின்றவர், "பாறை மேல நிக்கிறேனா, மெத்தை மேல நிக்கிறேனா?" என்று சலித்துக்கொண்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை. கடல் நன்றாக வற்றியிருந்தது. மேல்திட்டிலிருந்தே அண்ணாச்சி நீளமாக எறிந்து ஒரு நல்ல கெளுத்தியை இழுத்துப் போட்டார். அது துள்ளித் துள்ளி அவர் காலடியில் புரண்டது. கெளுத்தியின் செவுளையடுத்த முள் நச்சு முள். அது ஷூவின் பக்கத் தோலில் குத்தி நிற்க, மீன் அதிலேயே தொங்கியது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"குத்திற்றா மக்கா? எனக்குத் தெரியலியே."

பச்சையில் இருந்த நாங்கள் மூவரும் ஏறி வந்தோம். ஒருவர் மீனைப் பிடிக்க, ஒருவர் ஒட்டுப்பட்டையைப் பிரிக்க, மற்றவர் காலுறையைக் கழற்றினார். மூன்று விரல்களோடு வெளுத்திருந்த அந்தப் பாதத்தைக் காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முள் உள்ளே இறங்கவில்லை.