அண்டை வீட்டாரின் பெயர்



பெரம்பலூர் மாவட்டத்தின் வெள்ளாற்றங்கரையில் உள்ளது எங்கள் லெப்பைக்குடிக்காடு. பிழைப்பைத் தேடிக் கடல் கடப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. வளைகுடா நாடுகள் எம்மவரிடம் உழைப்பை மட்டுமே கேட்டன. ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். நாங்கள் சென்ற பிரிட்டனோ, ஆண்டுகள் சில கழிந்ததும், எங்கள் குடிமக்களாக விரும்புகிறீர்களா என்று கேட்டது. கேட்டதோடு ஒரு தேர்வும் வைத்தது.

‘லைஃப் இன் தி யுகே’ எனப்படும் அத்தேர்வு 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 45 நிமிடங்களில் 24 கேள்விகள். அவற்றுள் 18க்கேனும் சரியாக விடையளித்தல் வேண்டும். கட்டணம் 50 பவுண்டு. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர், 1928இல் பெண்கள் பெற்ற சம வாக்குரிமை என யாவற்றையும் பிள்ளைகள் உறங்கியபின் அமர்ந்து படித்தோம். எங்கள் இருவருள் ஒருவர் முதன்முறை தோற்றார். யார் என்பதை வீட்டில் இன்றளவும் நாங்கள் சொல்லிக் காட்டுவதில்லை.

ஹென்றியின் மனைவியரை அறிந்தால்தான் நல்ல குடிமக்களா என்று தொடக்கத்தில் சலித்துக்கொண்டோம். ஆயினும் பாடநூலின் இரண்டு இடங்கள் எங்களை நிறுத்தின.

ஒன்று, சேக் தீன் முகம்மது பற்றிய குறிப்பு. 1759இல் இந்தியாவில் பிறந்த அவர், 1810இல் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தைத் திறந்தார். அந்நாட்டின் முதல் இந்திய உணவகம் அதுவே என்கிறது நூல். நமக்கு முன்னரே நம்மவர் ஒருவர் அம்மண்ணின் வரலாற்றில் இடம் பெற்றுவிட்டார் என்பதில் மகிழ்ந்தோம்.

மற்றொன்று, எங்களைத் தலைகுனிய வைத்தது. புதிதாகக் குடியேறுவோர் அக்கம்பக்கத்தாரிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், அதிகம் சத்தமிடலாகாது, குப்பையை அதற்குரிய நாளில்தான் வெளியே வைக்க வேண்டும் என்று அந்நூல் அறிவுறுத்துகிறது. அண்டை வீட்டாரின் உரிமையை நபிகளார் (ஸல்) எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை மதரஸாவிலேயே ஓதியவர்கள் நாங்கள். இருந்தும், சுவருக்கு அப்பால் தனித்து வாழ்ந்த மூதாட்டியின் பெயர்கூட எட்டு ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியாது. ஊரில் நோன்புக்கஞ்சி காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்குத் தூக்குவாளி போகும். அங்கே எங்கள் கதவு சாத்தியே இருந்தது.

அவ்வாண்டுப் பெருநாளன்று பிரியாணியுடன் அவர் கதவைத் தட்டினோம். அவர் எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். தேர்வு நூலைக் காட்டினோம். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருக்கும் சில கேள்விகளுக்கு விடை தெரியவில்லை, சேர்ந்து சிரித்தோம். தோற்றவர் அடுத்த முறை தேறினார், அல்ஹம்துலில்லாஹ்.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டார்: “அப்படின்னா இனிமே நீங்க நம்ம நாட்டு ஆளுங்க இல்லியா?” எங்களிடம் உடனடியாக விடையில்லை. நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிற நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால், 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை அற்றுப்போகும். ஓசிஐ அட்டை இருந்தால் ஊருக்கு வந்து போகலாம். ஆனால் வாக்களிக்கவோ விவசாய நிலம் வாங்கவோ இயலாது. அத்தா பருத்தியும் மக்காச்சோளமும் விளைவித்த மண்ணை அடுத்து ஒரு காணி வாங்கும் ஆசையும் அத்தோடு முடிந்தது.

பதவியேற்பைப் போன்ற எளிய விழாவில் மன்னருக்கு விசுவாசமாகவும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டும் வாழ்வதாக உறுதி கூறினோம். உறுதிமொழி ஓர் அமானிதம்; கூறிய பிறகு அதைப் பேணுவதே முஃமினுக்கு அழகு.

ஆயினும் அம்மாவின் கேள்வி எங்களை விடவில்லை. சென்ற விடுமுறையில் அரியலூர் நிலையத்தில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு தேர்வு வைத்தோம். கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பியவர் யார்? ரஞ்சன்குடிக் கோட்டை எங்குள்ளது? ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் வாலிகண்டபுரத்தில் மோதிய ஆண்டு எது? 1751 என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹென்றியின் மனைவியர் அறுவரையும் வரிசையாகச் சொன்னார்கள். குறை அவர்களுடையதன்று, எங்களுடையது.

வாழும் நாட்டை அறிவதும், வந்த மண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் நம்மீதுள்ள கடமைகள். இவ்விரண்டையும் நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.