இட்லித் தட்டில் ஒரு கேக்

பெங்களூரின் அடுகோடியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், இளைய மகனுக்குப் பாலும் முட்டையும் ஒவ்வா. அவன் தன் ஆறாம் பிறந்தநாளில் கேக்கை வெட்டினான், உண்ணவில்லை. பிறர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனைக் கண்ட அவன் அக்காள், அடுத்த பிறந்தநாளில் தம்பியும் உண்ண வேண்டும் என்று உறுதி பூண்டாள்.

விலங்குகளிடமிருந்து பெறும் பொருள்களை முற்றிலும் விலக்கும் முறைக்கு, 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'வீகன்' என்னும் பெயர் தோன்றியது. அம்முறையில் அமைந்த ஆங்கிலச் சமையல் நூலைப் பார்த்து அவள் செய்த முதல் கேக், கல்லாய் இறுகியது.

"மாவை எப்பொழுது கலந்தாய், கண்ணே?" என்று பாட்டி வினவினார்.

"மதியமே கலந்துவிட்டேன், பாட்டி."

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் சேர்ந்தவுடன் கரியமில வாயு எழும். அவ்வாயுவே மாவை உப்பச் செய்வது. காத்திருந்தமையால் அது வெளியேறிவிட்டது.

"இட்லியில் பாலுண்டா? முட்டையுண்டா? அதையும் காற்றுத்தான் உப்பச் செய்கிறது," என்றார் பாட்டி. பின்னர், மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த 'சமைத்துப் பார்' நூலை எடுத்துக் கொடுத்தார். "கற்பிக்க ஆளில்லாத ஊரில் எனக்குத் துணை இதுதான்."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு பக்கத்திற்கு ஒரு மாலை தேவைப்பட்டது.

பிறந்தநாள் வந்தது. தேங்காய்ப்பாலில் கரைத்த மாவை இட்லித் தட்டின் குழிகளில் உடனே ஊற்றி வேகவைத்தாள். தம்பி ஒன்றை உண்டான்; மற்றொன்றையும் கேட்டான்.

அன்றிரவு அவள் தன் ஏட்டில் முதன்முறையாகத் தமிழில் ஒரு செய்முறை எழுதினாள். அதன் முதல் வரி: 'கலந்தவுடன் அடுப்பில் ஏற்றுக.'