ட்ரான்ஸ் செத்துப்போச்சா, இல்ல நமக்குத்தான் வயசாயிடுச்சா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஆரம்பிச்ச சண்டை இது. சண்டைன்னா அடிதடி எல்லாம் இல்லீங்க. பெங்களூர்லேர்ந்து சேலம் போற வழியில, அத்திப்பள்ளி டோல் தாண்டினதும் என் போனை கார்ல கனெக்ட் பண்ணி ஒரு புது ட்ரான்ஸ் ட்ராக் போட்டேன். வண்டி ஓட்டிட்டு இருந்தது பெரியம்மா பையன். எனக்குப் பத்து வயசு மூத்தவர். ஒரு நிமிஷம் கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

"இதெல்லாம் ட்ரான்ஸாடா? ட்ரான்ஸ் செத்துப் பன்னெண்டு பதிமூணு வருஷம் ஆச்சு. நிறுத்திட்டு ராஜா பாட்டு ஏதாவது போடு."

சுருக்குனு இருந்துச்சு. வேற யாராவது சொல்லியிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா எனக்கு இந்த இசையைக் காதுல ஊத்தினதே இந்த மனுஷன்தான்.

2012 நவம்பர் 10, சனிக்கிழமை. அபவ் அண்ட் பியாண்ட் குழு தங்களோட 'ட்ரான்ஸ் அரவுண்ட் த வேர்ல்ட்' ரேடியோ நிகழ்ச்சியின் 450வது பகுதியை பெங்களூர்ல நேரடியா நடத்தினாங்க. அண்ணன் அப்ப வேலைக்குச் சேர்ந்த புதுசு, சம்பளத்துல பெரிய துண்டைக் கொடுத்து டிக்கெட் வாங்கிப் போயிருந்தார். மூணாம் நாள் தீபாவளி. ஊருக்கு வந்தவருக்குத் தொண்டை கட்டி, பேச்சே வரலை. புள்ளை ராத்திரியெல்லாம் கண்முழிச்சு வேலை பாக்குதுன்னு பெரியம்மா மிளகு ரசம் வச்சுக் கொடுத்தாங்க (அந்த உண்மையை இன்னிக்கு வரைக்கும் நான் வெளியே விடலை, இப்பதான் எழுதறேன்). எனக்கு அப்ப பத்தாவது. 8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணைக் கையில கொடுத்து, "மாடியில போய் ஹெட்போன்ல கேளு, நடுவுல நிறுத்தாத"ன்னார்.

அதே நாள் ராத்திரிதான் அந்த நிகழ்ச்சிக்குக் கடைசி ராத்திரியும்கூட. 450வது பகுதி முடிஞ்ச கையோட 'க்ரூப் தெரபி'ங்கற புது நிகழ்ச்சியின் முதல் பகுதியை அதே மேடையிலயே ஆரம்பிச்சுட்டாங்க. புதுப் பேர்ல ட்ரான்ஸ்ங்கற வார்த்தையே இல்லை. அண்ணன் கணக்குல ட்ரான்ஸ் இறந்த தேதி அதுதான், இடம் பெங்களூர், சாட்சி அவரே. அப்படிப் பார்த்தா பொணத்தை எடுத்ததுக்கு அப்புறம்தான் நான் துக்கம் விசாரிக்கப் போயிருக்கேன். :-)

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. எங்க பக்கம் மாரியம்மன் பண்டிகையில பம்பைக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிச்சு, கொஞ்சங்கொஞ்சமா வேகம் ஏத்தி, ஒரு கட்டத்துல யாருக்காவது அருள் வந்துடும் பாருங்க, அந்த நிலைக்குப் பேர்தான் ட்ரான்ஸ். இதுல பம்பைக்குப் பதிலா ட்ரம் மெஷின், நிமிஷத்துக்கு 130லேர்ந்து 140 அடி. மேல ஒரு மெட்டு மெதுவா வளரும். நடுவுல தாளம் மொத்தமா நின்னுடும். வெறும் மெட்டு மட்டும் தனியா ரெண்டு நிமிஷம் அந்தரத்துல தொங்கும். இதை ப்ரேக்டவுன்ம்பாங்க. அப்புறம் தாளம் திரும்பி வரும்போது ரோமம் சிலிர்க்கும். ஒரு ட்ராக் ஏழெட்டு நிமிஷம் நீளமா இருக்கறதுக்குக் காரணமே அந்த ரெண்டு நிமிஷம்தான். அந்தக் காத்திருப்பு இல்லேன்னா சிலிர்ப்பும் இல்லை.

பிறந்த இடம் ஜெர்மனி, குறிப்பா ஃப்ராங்க்ஃபர்ட்னு சொல்லலாம். 1990ல வந்த 'ஏஜ் ஆஃப் லவ்'ங்கற ட்ராக்கை அந்த ஊர் ஜாம் அண்ட் ஸ்பூன் ஜோடி 1992ல புதுசா மாத்திப் போட்டாங்க. இன்னிக்கும் அதைக் கேட்டா பழைய வாசனையே அடிக்காது. கோவா கடற்கரையில வளர்ந்த கோவா ட்ரான்ஸ் தனிக் கிளை. அமெரிக்காவுலேர்ந்து வந்து அஞ்சுனாவுல தங்கிட்ட கோவா கில் 2023ல காலமானார். அபவ் அண்ட் பியாண்டோட லேபிளுக்கு அஞ்சுனாபீட்ஸ்னு பேர் வந்ததும் அந்தக் கடற்கரையாலதான்.

உச்சம்னா 1998லேர்ந்து 2004 வரைக்கும். 1999ல ஏடிபியோட '9 பிஎம்' பிரிட்டன்ல முதலிடம் பிடிச்சது. டிஜே மேக் பத்திரிகை வருஷா வருஷம் நடத்தற வாக்கெடுப்புல 2002, 2003, 2004 மூணு வருஷமும் டியெஸ்டோ, அடுத்த ரெண்டு வருஷம் பால் வான் டைக், அப்புறம் 2007லேர்ந்து 2010 வரைக்கும் ஆர்மின் வான் ப்யூரன். தொடர்ந்து ஒன்பது வருஷம் ட்ரான்ஸ் ஆளுங்க கையிலயே இருந்திருக்கு! 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுல வீரர்கள் அணிவகுத்து வரும்போது வாசிச்சதும் டியெஸ்டோதான்.

அப்புறம் சரிவு. 2009ல டியெஸ்டோ 'கலைடோஸ்கோப்' ஆல்பத்தோட வேற பக்கம் போயிட்டார். நெதர்லாந்துல வருஷா வருஷம் நடந்த 'ட்ரான்ஸ் எனர்ஜி' விழா 2011ல வெறும் 'எனர்ஜி' ஆச்சு. அதே 2011ல டிஜே மேக் பட்டத்தை டேவிட் கெட்டா தூக்கிட்டுப் போனார் (ஆர்மின் 2012ல ஒரு தடவை திரும்பப் பிடிச்சார், அது வேற விஷயம்). அமெரிக்காக்காரங்களுக்குத் திடீர்னு நடன இசை மேல ஆசை வந்துச்சு. பெரிய பெரிய திறந்தவெளி விழாக்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம், கலர் கலரா எல்ஈடி திரை, வாணவேடிக்கை. முன்னாடி ஒருத்தரே ராத்திரி முழுக்க ஆறேழு மணி நேரம் வாசிப்பாங்க, கூட்டத்தை மெதுவா ஏத்தி மெதுவா இறக்க நேரம் இருந்துச்சு. ஒரு மணி நேரத்துல அதுக்கு இடம் ஏது? ரெண்டு நிமிஷம் தாளம் நின்னா கூட்டம் போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுடும். 2013ல மார்ட்டின் கேரிக்ஸோட 'அனிமல்ஸ்' வந்தப்ப கதை முடிஞ்சதுன்னே எல்லாரும் நினைச்சாங்க. ட்ரான்ஸ் ஆளுங்களே வேகத்தை 128க்கும் 130க்கும் குறைச்சு, பாதி ஹவுஸ் பாதி ட்ரான்ஸ்னு ஒரு கலப்படம் பண்ணாங்க. அதுக்கு 'ட்ரவுஸ்'னு பேர். பேரைக் கேட்டாலே தெரியுமே லட்சணம்.

இது வரைக்கும் அண்ணன் சொல்றது சரி. ஆனா தரம் போயிடுச்சுங்கறார் பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

கிருஷ்ணகிரி வரைக்கும் இதேதான் பேச்சு. "எல்லாம் ஒரே அச்சுடா. சாம்பிள் பேக் வாங்கறான், டெம்ப்ளேட்ல போடறான், ஏத்தி விடறான். நீ ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுலேர்ந்து கோட் எடுத்துப் போடற மாதிரி"ன்னார். (நடுவுல எனக்கும் ஒரு குத்து!) நான் விடலை. அந்தக் காலத்துல மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? 1996ல ரோலண்ட் கம்பெனி ஜேபி-8000ன்னு ஒரு சிந்தசைசர் கொண்டுவந்தாங்க. அதுல சூப்பர்சானு ஒரு ஒலி. ஏழு அலைகளைக் கொஞ்சங்கொஞ்சமா சுருதி விலக்கி ஒண்ணா ஓடவிட்டா, ஒரே ஆள் வாசிக்கறது ஒரு கூட்டமே வாசிக்கற மாதிரி கேக்கும். அடுத்த சில வருஷம் திரும்பின பக்கமெல்லாம் அதேதான். அதுவும் அச்சுதானே?

சொன்னா மட்டும் போதாதுன்னு லீவு முடிஞ்சு வந்து ஒரு வேலை பார்த்தேன். 2000ம் வருஷத்தை ஒட்டி வந்த ஒரு பழைய தொகுப்பை எடுத்து, எதையும் தாண்டாம முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேட்டேன். சத்தியமா சொல்றேன், பாதிக்கு மேல மொக்கை. நமக்கு ஞாபகம் இருக்கறது 'ஃபார் அன் ஏஞ்சல்', 'கஃபே டெல் மார்', 'அவுட் ஆஃப் த ப்ளூ' மாதிரி சலிச்சு மிஞ்சின முத்து மட்டும்தான். உமி எப்பவோ பறந்துடுச்சு. இன்னிக்கு வர்றது இன்னும் சலிக்கலை, உமியோட சேர்த்துக் கேக்கறோம். எங்கப்பா எம்.எஸ்.வி.யோட எல்லாம் போச்சும்பார், அண்ணன் ராஜாவோட போச்சும்பார். எனக்கு அடுத்து வர்றவன் யார் பேரைச் சொல்லுவானோ.

ஆளும் குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலை. 2001ல ஆர்மின் ஆரம்பிச்ச 'எ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ்' 2021ல ஆயிரமாவது பகுதியைத் தாண்டிப் போயிட்டே இருக்கு. இஸ்ரேல், பிரேசில்னு சைட்ரான்ஸ் தனி ராஜ்ஜியமே நடத்துது. 2021ல சார்லட் டி விட் அதே 'ஏஜ் ஆஃப் லவ்'வை என்ரிகோ சாஞ்சுலியானோவோட சேர்ந்து டெக்னோவா மாத்திப் போட்டதும், அந்த மெட்டு வந்தப்ப பிறக்காத பசங்கல்லாம் குதிக்கறாங்க. அதே வருஷம் '9 பிஎம்' மெட்டும் 'யுவர் லவ்'ங்கற பேர்ல திரும்பி வந்துச்சு.

இதைச் சொன்னதும் அண்ணன் ஒரே வரியில அடிச்சார். "அப்ப புதுசா ஒரு மெட்டு போட ஆள் இல்லைன்னு நீயே ஒத்துக்கற."

டோல்ல ஃபாஸ்டேக் வேலை செய்யலைன்னு முன்னாடி வண்டி நின்னுச்சு. நல்லவேளை, பதில் சொல்லாம தப்பிச்சேன்.

யோசிச்சுப் பார்த்தா எனக்கு உறுத்தினது வேற. புது ட்ராக்கை நான் எப்படிக் கேக்கறேன்? ஸ்பாட்டிஃபையில முப்பது செகண்ட் ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு. அதுக்கேத்த மாதிரி மூணரை நிமிஷத்துல நறுக்கின பதிப்பைத்தான் முன்னாடி வைக்கறாங்க. ப்ரேக்டவுன் இருபது செகண்ட், உடனே டமால். முழு நீளப் பதிப்பும் பக்கத்துலயே இருக்கு, யாரும் மறைச்சு வைக்கலை. நான்தான் தொடலை. மூணரை நிமிஷத்தையும் விரலால இழுத்து அந்த டமாலுக்கு நேராப் போயிடறேன். ஸ்டாண்டப் மீட்டிங்ல மியூட் போட்டுட்டு, கோட் கம்பைல் ஆகற இடைவெளியில, இப்படி. நடுவுல நிறுத்தாதன்னு மாடிக்கு அனுப்பப்பட்ட பையன், ஒரு ட்ராக்கை முழுசாக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும்! இதுல தரம் போச்சா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல வந்துட்டேன்.

அண்ணன் கதை இன்னும் மோசம். அத்தனை வருஷச் சேமிப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு. இப்ப அதுல இருக்கறது பாப்பாவோட ரைம்ஸாம். அண்ணி இடம் பத்தலைன்னு கேட்டப்ப அவரே அழிச்சாராம், அதைச் சொல்லும்போது ரோட்டைத்தான் பார்த்துட்டு இருந்தார். நான் ஒண்ணும் கேக்கலை.

தர்மபுரி தாண்டினப்ப மணி பன்னெண்டு இருக்கும். பின்சீட்ல அண்ணியும் பாப்பாவும் தூக்கம். தொப்பூர் இறக்கம் வருது, முன்னாடி லாரிங்க உறுமிட்டு இறங்குது. நான் சத்தத்தை நல்லாக் குறைச்சு 'சில்ட்ரன்' போட்டேன். 1995ல ராபர்ட் மைல்ஸ் போட்டது. இத்தாலியில அப்பல்லாம் ராத்திரி முழுக்க ஆடிட்டு அதே வெறியோட வண்டி ஓட்டிட்டுப் போய் சாகற பசங்க அதிகம். ஆட்டம் முடியற நேரத்துல மனசை அமைதிப்படுத்தற மாதிரி ஒண்ணு வேணும்னு அந்த பியானோவைப் போட்டார். போர்ல அடிபட்ட யுகோஸ்லாவியக் குழந்தைங்களோட படங்களை அவங்கப்பா கொண்டுவந்து காட்டினதும் ஒரு காரணம். மைல்ஸும் 2017ல போயிட்டார்.

அண்ணன் ஒண்ணும் பேசலை. வண்டி வேகம் மட்டும் குறைஞ்சுது. லாரியை முந்தப் பார்த்தவர் அது பின்னாடியே மெதுவா இறங்கினார். இறக்கம் முடியவும் ட்ராக் முடியவும் ஏறக்குறைய சரியா இருந்துச்சு.

கொஞ்ச தூரம் போனதும், "காலையில போட்டியே, அதோட முழுசு இருக்கா?"ன்னார்.

காலையில இல்ல, சாயங்காலம். நான் திருத்தலை. தேடி எடுத்து முழு நீளப் பதிப்பைப் போட்டேன். ஏழு நிமிஷம் சொச்சம். நானும் அன்னிக்குத்தான் அதை முழுசாக் கேக்கறேன்னு அவர்கிட்ட சொல்லலை. ப்ரேக்டவுன் வந்தப்ப பின்னாடி பாப்பா லேசா சிணுங்கிச்சு. அண்ணன் ஒரு கையை நீட்டி சத்தத்தை இன்னும் ஒரு புள்ளி குறைச்சார். நிறுத்தலை.

முடிஞ்சதும் கேட்டேன், "என்னண்ணா?"

"கடைசி ரெண்டு நிமிஷம் பரவால்ல. நடுவுல அந்தப் பொண்ணு பாடறது தேவையில்லாத ஆணி."

நான் அந்தப் பொண்ணுக்காக வாதாட ஆரம்பிச்சேன். ஓமலூர்கிட்ட டீ குடிக்க நிறுத்தினப்பவும் அது முடியலை.