தண்டையல் செலுத்திய கப்பல்

தம்போயை அடுத்தோடும் ஸ்கூடாய் ஆறு கலக்கும் ஜொகூர் நீரிணையில் பாய்ப்படகு ஒன்றைக் கண்டால், நம் பிள்ளைகள் அதனை மேனாட்டார் பொழுதுபோக்கு என்றே எண்ணுவர். பாதி மெய்தான்.

அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 'ஸ்வாப்' என்னும் தம் 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர். மணமான பின் மனைவி புளோரன்சுடன் அதே படகில் கலாபகஸ் தீவுகளுக்குச் சென்றார். 1934-இல் அங்கே அவருக்குக் குடல்வால் வெடித்தது. அறுவை செய்ய மருத்துவர் எவருமில்லை. தற்செயலாய் வந்த மீன்பிடிக் கப்பலின் வானொலி பனாமாவுக்குச் செய்தி அனுப்ப, அமெரிக்கக் கடற்படை விரைந்து வந்து உயிர் காத்தது. அந்த அம்மையார் அடைந்த தவிப்பை என்னென்பது!

அவரே பின்னர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற 89 அடி 'அன்னபூரணி'யை விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டினார். தாய்ப்பெயர் மாறினும் பாய் பிடித்த கைகள் மாறவில்லை. தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவ்வூர் மாலுமியர் நால்வரும் சூயஸ், பெர்முடா வழியாகச் செலுத்தி, 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர்.